கையடக்கக் கருவிகளில் விரைவு நிரலாக்கம் – ஒரு வரலாறு

கையடக்கக் கருவிகளில் விரைவு நிரலாக்கம் என்பது, உள்ளங்கையில் அடங்கும் விளையாட்டுக் கருவி, சிறு கணினி போன்றவற்றின் திறன் குறைந்த செயலியில் ஒரு நிரல் உரிய நேரத்துக்குள் ஓடி முடியும்படி அதைச் செதுக்குவதைக் குறிக்கும். 1989-இல் வெளிவந்த கேம் பாய் முதல் 2000-களின் நடுப்பகுதி வரை இது விளையாட்டு நிரலாளரின் அன்றாட வேலையாக இருந்தது. இந்தியாவில் இதே சிக்கலை எதிர்கொண்ட கருவி, பெங்களூருவில் உருவான சிம்ப்யூட்டர்.

இதில் கையாளப்படும் முதன்மையான வழிகள் மூன்று. பின்னத்தை முழு எண்ணாக மாற்றிக் கணக்கிடுவது முதலாவது. விடைகளை முன்கூட்டியே கணித்து அட்டவணையாக வைப்பது இரண்டாவது. அடிக்கடி வேண்டுவதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது மூன்றாவது. இவற்றில் முதல் இரண்டும் கணினிக்கு மிக முந்தியவை. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியிலும், பஞ்சாங்கக் கணிதரின் வாக்கிய முறையிலும் அவை நெடுங்காலம் வழக்கில் இருந்தன.

பின்னணி

நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் 1989-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானில் வெளியானது. அதன் 8 பிட் செயலி நொடிக்கு ஏறத்தாழ 42 இலட்சம் துடிப்புகளில் ஓடியது. துடிப்பு என்பது செயலியின் கடிகாரம் ஒருமுறை அடிப்பது. அதை ஒரு சுழற்சி என்றும் சொல்வர். அக்காலத்தில் கேம் பாய் நிரல்கள் பெரும்பாலும் அசெம்ப்ளி மொழியிலேயே எழுதப்பட்டன. ஒவ்வொரு கட்டளையையும் நிரலாளரே தேர்ந்தெடுத்து அடுக்க வேண்டியிருந்தது.

சி மொழியை டென்னிஸ் ரிட்சி 1972-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கினார். மனிதர் படிக்கத்தக்க சி நிரலைச் செயலிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பி என்னும் மென்பொருள். அசெம்ப்ளியைவிட விரைவாக எழுதலாம், பிழை திருத்துவதும் எளிது. ஆனால் தொகுப்பி தரும் கட்டளைகள் சிக்கனமாக அமையும் என்பதற்கு உறுதி இல்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் வடிவமைத்த ஆர்ம் செயலியின் முதல் சில்லு 1985-ஆம் ஆண்டு ஏப்ரலில் இயங்கியது. குறைந்த மின்சாரம், எளிய கட்டளைகள், 32 பிட் அகலம் என்பன அதன் சிறப்புகள். மின்கலத்தில் ஓடும் கருவிகளுக்கு அது பொருத்தமாக அமைந்தது.

2001-ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று ஜப்பானில் வெளியான கேம் பாய் அட்வான்ஸ், ஆர்ம் 7 டிடிஎம்ஐ என்ற செயலியைக் கொண்டிருந்தது. வேகம் 16.78 மெகாஹெர்ட்ஸ். கையடக்க விளையாட்டுகளைப் பெருமளவில் சி மொழியில் எழுதுவது இக்கருவியோடுதான் பரவலாயிற்று. சி மொழியில் எழுதி, அசெம்ப்ளியின் வேகத்தைப் பெறுவது எப்படி என்ற கேள்வியும் அதனோடு வந்தது.

ஒரு புள்ளிக்கு ஏழு சுழற்சி

இக்கலையின் நெருக்கடியை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். கேம் பாய் அட்வான்ஸின் திரை அகலத்தில் 240, உயரத்தில் 160 புள்ளிகள் கொண்டது. மொத்தம் 38,400 புள்ளிகள். திரை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படும். ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே செயலிக்குக் கிடைப்பது 280,896 சுழற்சிகள். அதை 38,400-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 7 சுழற்சிக்குச் சற்று மேல் வரும்.

அந்த ஏழு சுழற்சிக்குள் புள்ளியின் நிறத்தைக் கண்டுபிடித்து, அதை நினைவகத்தில் எழுதியாக வேண்டும். ஒலி, எதிரிகளின் நகர்வு, விளையாடுபவர் அழுத்தும் பொத்தான் ஆகியவற்றைக் கவனிப்பதும் இதே இருப்பிலிருந்துதான். எல்லாப் புள்ளியையும் செயலியே வரையத் தேவையில்லாதபடி கருவியில் தனிப்பட்ட வரைவுச் சுற்று இருந்தது. ஆனால் முப்பரிமாணக் காட்சி வேண்டுமென்றால் அந்தச் சுற்று உதவாது. நிரலாளர் இந்த ஏழு சுழற்சிக் கணக்கோடு மல்லுக்கட்டியே தீர வேண்டும்.

மேலும் இரண்டு குறைகள் இருந்தன. இச்செயலியில் தசமப் பின்னங்களைக் கையாளும் மிதவைப்புள்ளி அலகு இல்லை. வகுத்தல் கட்டளையும் இல்லை. சி மொழியில் ஒரு பின்ன எண்ணை மற்றொன்றால் வகுக்கும்படி ஒரே வரியில் எழுதிவிடலாம். தொகுப்பி அதை ஒரு நீண்ட துணை நிரலாக மாற்றிவிடும். அது ஓடி முடிய நூற்றுக்கணக்கான சுழற்சிகள் ஆகும். எழுதுபவர் கண்ணுக்கு ஒரு வரி, செயலிக்கோ பெருஞ்சுமை.

முதல் வழி: பின்னத்தை முழு எண்ணாக்குதல்

மிதவைப்புள்ளி அலகு இல்லாத செயலியில் பின்னத்தைக் கையாளும் முறைக்கு நிலைப்புள்ளி எண் முறை என்று பெயர். ஒன்று என்ற மதிப்பை 256 சிறு கூறுகளாகக் கொள்வர். அப்போது ஒன்றரை என்பது 384 ஆகும், கால் என்பது 64 ஆகும். கூட்டலும் கழித்தலும் வழக்கமான முழு எண் கணக்குகளாகிவிடும்.

பெருக்கலில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்க 384-ஐ 384-ஆல் பெருக்கினால் 147,456 வரும். இது 256 மடங்கு பெரிதாகிவிட்ட விடை. 256-ஆல் வகுத்தால் 576 கிடைக்கும். 576 கூறு என்பது இரண்டேகால், அதுவே சரியான விடை. 256 என்பது இரண்டின் அடுக்கு என்பதால் இந்த வகுத்தலுக்குத் தனி வகுத்தல் தேவையில்லை. பிட்டுகளை எட்டு இடம் வலப்புறம் தள்ளினால் போதும். ஆர்ம் செயலியில் இவ்வாறு தள்ளுவதைக் கூட்டல் போன்ற மற்றொரு கட்டளையோடு சேர்த்தே செய்யலாம்.

தமிழ் மரபின் கீழ்வாய் இலக்கமும் இதே அடிப்படையில் அமைந்தது. அதில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி (80-இல் ஒன்று). பதினாறு முந்திரி ஒரு மா (20-இல் ஒன்று). இருபது முந்திரி ஒரு மாகாணி (16-இல் ஒன்று). கால் என்பது 80 முந்திரி, அரை என்பது 160 முந்திரி. ஆக அரையும் காணியும் முந்திரியும் சேர்ந்தால் 160, 4, 1 என்பவற்றைக் கூட்டி 165 முந்திரி என்று சொல்லிவிடலாம். வெவ்வேறு பகுதி எண்களைச் சமன் செய்யும் வேலையே இல்லை.

பெருக்கலில் எழும் சிக்கலும் இங்கு உண்டு. முந்திரியை முந்திரியால் பெருக்கினால் 102,400-இல் ஒரு பங்கு வரும். அதற்குக் கீழ்முந்திரி என்று தனிப்பெயரே வைத்திருந்தனர். நிலைப்புள்ளி முறையில் பெருக்கியபின் 256-ஆல் வகுப்பது எதற்காகவோ, அதற்காகவே இப்பெயரும் தேவைப்பட்டது. காவிரிப் படுகையில் நிலத்தை வேலி, மா, குழி என்று அளப்பதும் இம்முறையைச் சார்ந்ததே. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா என்ற சொல் இருபதில் ஒரு பங்கையும் வேலியின் இருபதில் ஒரு பங்கான நிலத்தையும் ஒருங்கே குறித்தது.

கணினிக்கு 256 வசதி, ஏனெனில் அது இரண்டின் அடுக்கு. மனிதக் கணக்கருக்கு 320 வசதி, ஏனெனில் அதில் நாலும் அடங்கும், ஐந்தும் அடங்கும். கணக்கிடுபவரின் இயல்புக்கு ஏற்ப அலகைத் தேர்வது இரண்டிற்கும் பொது.

இரண்டாம் வழி: முன்கணித்த அட்டவணை

கோணங்களின் சைன் மதிப்பைக் கணக்கிடுவது சிறு செயலிக்குக் கடினமான வேலை. எனவே அந்த மதிப்புகளை நிரல் எழுதும்போதே கணித்து அட்டவணையாகச் சேர்த்துவிடுவர். ஓடும்போது செய்ய வேண்டியது வரிசை எண்ணைச் சொல்லி மதிப்பை எடுப்பது மட்டுமே.

1993-இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் விளையாட்டு இதற்குப் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு. அதன் சி நிரல் 1997 டிசம்பரில் பொதுவில் வெளியிடப்பட்டதால் உள்ளமைப்பை எவரும் காணலாம். ஒன்று என்பதை 65,536 கூறுகளாகக் கொண்ட நிலைப்புள்ளி எண்களும், 10,240 மதிப்புகள் கொண்ட சைன் அட்டவணையும் அதில் உள்ளன. இதே டூம் 2001-இல் கேம் பாய் அட்வான்ஸிலும் வெளிவந்தது.

அட்டவணைக்கும் ஒரு விலை உண்டு. 10,240 மதிப்புகள், ஒவ்வொன்றும் 4 பைட் என்றால் 40,960 பைட் ஆகும். கேம் பாய் அட்வான்ஸின் விரைவான உள் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே, அதாவது 32,768 பைட். முழு அட்டவணையும் அதில் அடங்காது. சைன் அலையின் கால் பகுதியை மட்டும் வைத்து மற்ற மூன்று பகுதிகளைக் குறி மாற்றியும் வரிசை திருப்பியும் பெற்றால் 8,192 பைட் போதும். இடத்தை மிச்சப்படுத்த இரண்டு மூன்று சுழற்சிகள் கூடுதலாகச் செலவாகும். இடமா, நேரமா என்ற இந்தப் பேரம் விரைவு நிரலாக்கத்தில் எங்கும் வரும்.

வாக்கியப் பஞ்சாங்கம் இதே பேரத்தில் பிறந்ததுதான். சந்திரன் வானில் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும், தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் செல்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். அத்தகைய ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் மிக நெருக்கமாக 248 நாள். எனவே 248 நாள்களுக்குச் சந்திரனின் நிலையைக் கணித்து வைத்துவிட்டால், அதற்குப் பிறகு அதே வரிசை திரும்பவும் பயன்படும். வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் இவையே. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து, அந்நாளின் சந்திர நிலையை மறைத்து வைத்தனர். மனப்பாடம் செய்வதற்கு எண்களைவிடச் சொற்கள் எளிது.

பல நூற்றாண்டு நாள்களை 248-ஆல் வகுப்பது மனக்கணக்கில் கடினம். சிறு பிழையும் சேர்ந்துகொண்டே போகும். எனவே முதலில் 12,372 நாள், அடுத்து 3,031 நாள், இறுதியில் 248 நாள் என்று படிப்படியாகக் கழித்தனர். 12,372 நாள் என்பது 449 சுற்றுகள், 3,031 நாள் என்பது 110 சுற்றுகள். பெரிய அலகு எத்தனை முறை போயிற்றோ, அதற்குரிய திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டால் பிழை கட்டுக்குள் நிற்கும். ஏறத்தாழ கி.பி. 1300-ஐச் சேர்ந்ததெனக் கருதப்படும் வாக்கியகரணம் என்ற நூல் இம்முறையை விளக்குகிறது. டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் அதைப் பதிப்பித்து 1962-இல் சென்னையில் வெளியிட்டனர்.

இம்முறை ஓடியதை நேரில் கண்டு பதிவு செய்தவர் ஜான் வாரன். 1825-இல் சென்னையில் வெளியான காலசங்கலித என்ற நூலில், புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான அட்டவணைகளை மட்டும் கொண்டு, எதையும் எழுதாமல் சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவர் விவரித்துள்ளார். அது 1825-ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த கிரகணம். கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நொய்கெபௌவர் பிற்காலத்தில் அதைச் சரிபார்த்தார். தொடக்க நேரத்தில் 4 நிமிடமும், நடு நேரத்தில் 23 நிமிடமும், முடிவு நேரத்தில் 52 நிமிடமும் பிழை இருந்ததாகக் குறித்துள்ளார். 248 நாள் சுழற்சி பண்டைய பாபிலோனியரிடமும் இருந்ததை அவர் சுட்டிக்காட்டினார்.

மூன்றாம் வழி: கைக்கெட்டும் இடத்தில் வைத்தல்

ஒரே நிரல், எந்த நினைவகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பல மடங்கு வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். கேம் பாய் அட்வான்ஸில் மூன்று இடங்கள் இருந்தன. செயலிக்குள்ளேயே அமைந்த 32 கிலோபைட் உள் நினைவகத்திலிருந்து 32 பிட் மதிப்பை ஒரே சுழற்சியில் எடுக்கலாம். வெளியே உள்ள 256 கிலோபைட் நினைவகத்திலிருந்து அதே மதிப்பை எடுக்க 6 சுழற்சிகள் ஆகும். விளையாட்டு அட்டையில் உள்ள நிலை நினைவகம் மிகப் பெரியது. ஆனால் அதன் பாதை 16 பிட் அகலமே.

ஆர்ம் செயலியின் கட்டளை ஒன்று 32 பிட் நீளம். 16 பிட் பாதையில் அதை இருமுறை சென்று எடுத்து வர வேண்டும். இதற்காகவே ஆர்ம் நிறுவனம் தம்ப் என்ற 16 பிட் கட்டளைத் தொகுதியை இச்செயலியில் சேர்த்திருந்தது. தம்ப் கட்டளைகள் ஒவ்வொன்றும் செய்யும் வேலை குறைவு. ஆனாலும் குறுகிய பாதையில் அவையே முந்தின. எனவே நிரலாளர்கள் ஒரு பங்கீட்டைக் கடைப்பிடித்தனர். நிரலின் பெரும்பகுதி தம்ப் வடிவில் அட்டையிலேயே இருக்கும். நொடிக்கு இலட்சக்கணக்கான முறை ஓடும் உள்வளையங்கள் மட்டும் 32 பிட் வடிவில் உள் நினைவகத்துக்கு நகலெடுக்கப்படும்.

உழவர் வீட்டில் விதைநெல் குதிரிலும், அன்றாடச் சமையலுக்கான அரிசி அடுக்களைப் பானையிலும் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. பானை சிறியது, எனவே அதில் எதை நிரப்புவது என்பதில் தவறக் கூடாது.

சி நிரலில் செய்யப்பட்ட சிறு மாற்றங்கள்

மேற்கண்ட மூன்றுக்கும் அடுத்த நிலையில், சி மொழியை எழுதும் விதத்திலேயே சில பழக்கங்கள் உருவாயின.

1. வளையத்தின் எண்ணிக்கையை மேலிருந்து பூச்சியம் நோக்கிக் குறைத்தல். கழித்தலின் விடை பூச்சியமா என்பது கழிக்கும்போதே ஆர்ம் செயலிக்குத் தெரிந்துவிடும். தனியாக ஒப்பிடும் கட்டளை மிச்சமாகும்.

2. வளையத்தை விரித்தெழுதுதல். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு கழித்தலுக்கு 1 சுழற்சியும், தொடக்கத்துக்குத் தாவ 3 சுழற்சிகளும் செலவாகும். ஒரு சுற்றில் ஒரு புள்ளிக்குப் பதில் எட்டுப் புள்ளிகளை எழுதினால் இந்த 4 சுழற்சிச் செலவு எட்டாகப் பகிரப்படும். ஆனால் நிரல் நீளும், உள் நினைவகத்தில் இடம் குறையும்.

3. இடைக்கால மாறிகளை 32 பிட் அகலத்தில் வைத்தல். 8 அல்லது 16 பிட் மாறி இடத்தை மிச்சப்படுத்தும் என்று தோன்றும். செயலியின் பதிவகங்களோ 32 பிட் அகலமானவை. மதிப்பைக் குறுக்கி வைக்கத் தொகுப்பி கூடுதல் கட்டளைகளைச் சேர்க்க வேண்டிவரும்.

4. துணை நிரலுக்கு நான்குக்கு மேற்பட்ட மதிப்புகளை அனுப்பாதிருத்தல். முதல் நான்கும் பதிவகங்களிலேயே செல்லும். மற்றவை நினைவகத்தின் வழியே சுற்றிச் செல்லும்.

5. மாறா எண்ணால் பெருக்குவதைத் தள்ளலாக மாற்றுதல். திரையில் ஒரு வரிசைக்கு 240 புள்ளிகள். 240 என்பது 256-இலிருந்து 16-ஐக் கழித்தது. ஆகவே பெருக்கலுக்குப் பதில் இரு தள்ளல்களும் ஒரு கழித்தலும் போதும். இதைத் தொகுப்பிகள் தாமாகவே செய்யத் தொடங்கிவிட்டன.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது அளத்தல். நிரலின் எந்தப் பகுதி நேரத்தைத் தின்கிறது என்று அறியாமல் செதுக்குவது வீண் உழைப்பு. டொனால்டு குனுத் 1974-இலேயே இதை எச்சரித்து எழுதினார். கேம் பாய் அட்வான்ஸில் நான்கு நேரமானிகள் இருந்தன. சந்தேகத்துக்குரிய பகுதிக்கு முன்னும் பின்னும் நேரமானியைப் படித்துக் கழித்தால் செலவான சுழற்சி தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டு: ஆயிரம் பிறைக் கணக்கு

மூன்று வழிகளும் ஒன்றாக வரும் ஒரு கணக்கைத் திருக்கடையூரைக் கொண்டு விளக்கலாம். மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடிக்கு அருகில் உள்ள இவ்வூரின் அமிர்தகடேசுவரர் கோயில், அறுபதாம் ஆண்டு நிறைவில் செய்யும் சஷ்டியப்தபூர்த்திக்கும், எண்பதில் செய்யும் சதாபிஷேகத்துக்கும் பெயர் பெற்றது. தை அமாவாசையன்று அது என்ன திதி என்று சரபோஜி மன்னர் கேட்க, தியானத்தில் இருந்த அபிராமி பட்டர் பௌர்ணமி என்று சொன்னதாகவும், அன்னை அந்த இரவில் நிலவைத் தோன்றச் செய்ததாகவும் மரபுக்கதை கூறும்.

சதாபிஷேகம் ஆயிரம் பிறை கண்டவருக்கு உரியது என்பது வழக்கு. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.530588 நாள். ஆயிரம் பிறைக்கு 29,530 நாளும் சில மணி நேரமும் ஆகும். அது ஏறத்தாழ 80 ஆண்டும் 10 மாதமும்.

ஒரு நாளைக் கொடுத்தால் நிலவின் வடிவத்தைத் திரையில் காட்டும் நிரல் வேண்டும் என்று கொள்வோம். நேரடியாக எழுதினால், அறியப்பட்ட ஓர் அமாவாசையிலிருந்து கழிந்த நாள்களை 29.530588-ஆல் வகுத்து, முழு எண் பகுதியை நீக்கிப் பின்னத்தை எடுக்க வேண்டும். மிதவைப்புள்ளி அலகு இல்லாத செயலியில் இது மிக மெதுவாக நடக்கும்.

மாற்று வழி இது. 32 பிட்டில் அடங்கும் மொத்த எண்ணிக்கையான 4,294,967,296-ஐ ஒரு முழுத் திங்கள் என்று கொள்க. அதை 29.530588-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 145,441,306 கூறு வரும். இந்த வகுத்தலை நிரல் எழுதும்போதே ஒருமுறை செய்துவிடலாம். ஓடும்போது நாள்களின் எண்ணிக்கையை இந்த எண்ணால் பெருக்கினால் போதும். விடை 32 பிட்டைத் தாண்டி வழியும். வழிவது முழுத் திங்கள்கள், எஞ்சி நிற்பது நடப்புத் திங்களில் கழிந்த பங்கு. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மானி 99999-ஐத் தாண்டினால் மறுபடி 00000-இலிருந்து தொடங்குவதைப் போன்றதே இது. குறியில்லா முழு எண்கள் இப்படி வழிந்து சுழலும் என்பது சி மொழியின் விதியிலேயே உள்ளது.

எஞ்சிய எண்ணின் மேல் ஐந்து பிட்டுகளை மட்டும் எடுத்தால் 0 முதல் 31 வரை ஓர் எண் கிடைக்கும். பூச்சியம் அமாவாசை, 16 பௌர்ணமி. அந்த எண்ணுக்குரிய நிலவுப் படத்தை அட்டவணையிலிருந்து எடுத்து வரையலாம். ஆர்ம் 7 செயலியில் இந்தப் பெருக்கலுக்கு ஆவது அதிகபட்சம் 5 சுழற்சி. கூறின் பின்னப் பகுதியை வெட்டியதால் 80 ஆண்டில் சேரும் பிழை ஏறத்தாழ 6 நொடிதான்.

இது சராசரி நிலவு. மெய்யான அமாவாசை இதிலிருந்து சில மணி நேரம் முன்பின்னாக விழும். அதைத் திருத்த 248 வாக்கியங்களே கைகொடுக்கும். ஒவ்வொரு வாக்கியமும் தரும் நிலையைக் கலைகளாக எழுதினால் 21,600-க்கு மேல் போகாது, எனவே 2 பைட்டில் அடங்கும். 248 வாக்கியங்களுக்கும் சேர்த்து 496 பைட். விரைவான உள் நினைவகத்தில் ஏறத்தாழ 66-இல் ஒரு பங்குதான் இதற்குச் செலவாகும்.

இந்தியக் கருவி: சிம்ப்யூட்டர்

கேம் பாய் அட்வான்ஸ் வெளிவந்த அடுத்த மாதமே, 2001 ஏப்ரலில், சிம்ப்யூட்டரின் மாதிரி பெங்களூருவில் அறிமுகமானது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தினரும் இணைந்து இதை வடிவமைத்தனர். இதற்காக 1999-இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தத்தக்க, பல மொழி பேசும், ஏறத்தாழ 9,000 ரூபாய் விலையுள்ள கருவி என்பது நோக்கம். தனியொருவரால் வாங்க முடியாவிட்டாலும் ஊர் முழுவதும் ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதற்காக, அவரவர் விவரத்தைச் சேமிக்கும் சில்லட்டை வசதியும் சேர்க்கப்பட்டது.

அதன் செயலி 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஸ்ட்ராங்ஆர்ம். கேம் பாய் அட்வான்ஸைவிடப் பன்மடங்கு விரைவானது என்றாலும் அதே ஆர்ம் குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலும் மிதவைப்புள்ளி அலகு இல்லை. லினக்ஸ் இயங்குதளமும், எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருளும் அதில் ஓட வேண்டியிருந்தன. குரல் வராவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அக்கருவி பயனற்றது. நிரலின் சிக்கனம் இங்கே பொழுதுபோக்குக்குரிய செய்தி அன்று. விலையுயர்ந்த செயலியை வைத்தால் ஊரார் வாங்க இயலாது, மலிவான செயலியில் நிரல் தடுமாறினால் ஊரார் பயன்படுத்த இயலாது.

ரமேஷ் ஹரிஹரன் உருவாக்கிய த்வனி என்ற குரல் மென்பொருள் இதற்கு அட்டவணை வழியையே கையாண்டது. குரலைக் கணக்கிட்டு உண்டாக்காமல், முன்பே பதிவு செய்த சிறு ஒலித்துண்டுகளைத் தேவைக்கேற்ப எடுத்துக் கோத்தது. இந்திய மொழிகளில் பெரும்பாலும் எழுதியபடியே படிப்பதால் எழுத்திலிருந்து ஒலித்துண்டைத் தேர்வது எளிதாயிற்று.

2004-இல் பிகோபெட்டா நிறுவனமும் பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸும் அமிடா சிம்ப்யூட்டர் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தன. எதிர்பார்த்த அளவுக்கு விற்பனை அமையவில்லை. விலை குறைந்துகொண்டே வந்த கைப்பேசிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அக்கைப்பேசிகளிலும் ஆர்ம் செயலிகளே இருந்தன.

விரைவுக்குத் தரும் விலை

முன்கணித்த அட்டவணை விரைவு தரும். ஆனால் அது கணித்த நாளின் அறிவோடு நின்றுவிடும். வாக்கிய முறையின் பிற்கால வரலாறு இதற்குச் சான்று. கோள்களின் இயக்க அளவுகள் சிறிதளவு பிழையாக இருந்தாலும் நூற்றாண்டுகளில் அப்பிழை பெருகும். வானத்தை நோக்கித் திருத்திக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம் பின்னர் தோன்றியதற்குக் காரணம் இதுவே.

இரண்டுக்கும் உள்ள இடைவெளி இன்றும் மக்கள் வாழ்வைத் தொடுகிறது. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025-ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று அமைந்தது. திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால் அங்கு அது 2026-இல்தான் என்று கோயில் நிர்வாகம் அப்போது அறிவித்தது. திருக்கடையூரில் மணிவிழா செய்வோரும் தமிழ் மாதத்தையும் பிறந்த நட்சத்திரத்தையும் பார்த்தே நாள் குறிக்கின்றனர். நட்சத்திரம் முடியும் நேரம் இரு பஞ்சாங்கங்களிலும் வேறுபடும். அது விளிம்பில் விழுந்தால் விழா நாளே மாறக்கூடும்.

கணினி நிரலிலும் இதே இடர் உண்டு. அட்டவணையை உண்டாக்கிய கணக்கு எது, அதன் பிழை எவ்வளவு, எதுவரை செல்லுபடியாகும் என்பதை எழுதி வைக்காவிட்டால், பின்வருபவர் அதை நம்பிக் கெடுவார், அல்லது நம்பாமல் தூக்கி எறிவார். உள்வளையத்தை அசெம்ப்ளிக்கு நிகராகச் செதுக்கியவரின் நிரலை வேறொருவர் படித்துத் திருத்துவதும் கடினம். மேற்கண்ட ஆயிரம் பிறைக் கணக்கில் 145,441,306 என்ற எண் தனியே நின்றால் எவருக்கும் எதுவும் விளங்காது. அது எதை எதால் வகுத்து வந்தது என்ற ஒரு வரிக் குறிப்பு பக்கத்தில் இருக்க வேண்டும்.

பின்னாளைய நிலை

2004-இல் வந்த நிண்டெண்டோ டிஎஸ் கருவியில் 67 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் 9 செயலியோடு வகுத்தலுக்கும் வர்க்கமூலத்துக்கும் தனிச் சுற்றுகள் இடம்பெற்றன. அதே ஆண்டின் இறுதியில் சோனி வெளியிட்ட பிளேஸ்டேஷன் போர்ட்டபிளில் மிதவைப்புள்ளி அலகு இருந்தது. தொகுப்பிகளும் தேர்ந்தன. முன்பு கையால் செய்த மாற்றங்கள் பலவற்றை இன்று அவை தாமே செய்கின்றன.

எனினும் சிறு செயலிகள் மறைந்துவிடவில்லை. பள்ளிகளில் உள்ள அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் மாணவர் கையாளும் ஆர்டுயினோ பலகையின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். மாறும் நினைவகம் 2 கிலோபைட், நிரலுக்கான நினைவகம் 32 கிலோபைட். மிதவைப்புள்ளி அலகு அதிலும் இல்லை. வயல் ஈரத்தை அளக்கும் கருவியையோ நீரிறைக்கும் மோட்டாரை நிறுத்தும் கருவியையோ அதில் செய்யும் மாணவருக்கு, அலகை முழு எண்ணாக்குதல், முன்கணித்து வைத்தல், அருகில் வைத்தல் என்னும் மூன்றும் இன்றும் தேவைப்படுகின்றன. 248 வாக்கியங்களின் 496 பைட்டும் அந்தப் பலகையில் தாராளமாக அடங்கும்.